பச்சைப் பட்டையில் ஒரு 'மலிவு'

பங்குத் தரகு ஆப்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். செமிகண்டக்டர், அதாவது சிப் நிறுவனப் பங்குகளின் பக்கத்தில் நீங்கள் காட்டும் பி/இ விகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பங்கின் விலை, ஒரு பங்குக்குக் கிடைக்கும் ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் பி/இ.

2022 நடுவில் உங்களில் ஒருவருடைய ஆப்பில் ஒரு மெமரி சிப் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தேன். பி/இ 7 என்று இருந்தது. அதன் அருகிலேயே பச்சைப் பட்டையில் 'மலிவு'. வாங்கினேன். அடுத்த வருடம் அதே கட்டத்தில் எண் இல்லை, ஒரு சிறு கோடுதான் இருந்தது. நிறுவனம் நஷ்டத்தில் இருந்தால் பி/இ கணக்கிட முடியாது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்து விற்றுவிட்டேன்.

வாங்கியது, விற்றது இரண்டுமே தலைகீழ் என்று பிறகுதான் புரிந்தது. சிப் விலை ஏறும்போது எல்லா நிறுவனங்களும் ஆலையைப் பெரிதாக்கும். அது உற்பத்திக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குள் தேவை தணிந்தால் சரக்கு தேங்கும், விலை சரியும். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி/இ மிகக் குறைவாகத் தெரியும். மலிவாகத் தெரியும் அந்த நேரம்தான் பெரும்பாலும் ஆபத்தான நேரம்.

மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரானின் கணக்கையே பாருங்கள். 2022 நிதியாண்டில் சுமார் 870 கோடி டாலர் லாபம். அடுத்த நிதியாண்டில் 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அந்த ஆண்டின் ஒரே காலாண்டில் கையிருப்புச் சரக்கின் மதிப்பைச் சுமார் 140 கோடி டாலர் குறைத்து எழுதினார்கள். ஆனால் அந்த நஷ்ட ஆண்டு முடிவதற்குள்ளேயே பங்கு, 2022 இறுதியில் இருந்த விலையைவிட நன்றாக மேலே வந்திருந்தது. சந்தை அடுத்த சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் திரையில் இருந்ததோ கழிந்த பன்னிரண்டு மாதக் கணக்கு.

எல்லா சிப் நிறுவனமும் இப்படியில்லை, சரி. என்விடியாவுக்குச் சொந்த ஆலை கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது, பெரிய வாடிக்கையாளர்கள் சிலர் இன்னும் எத்தனை காலம் இதே வேகத்தில் வாங்குவார்கள் என்பது. ஆலை வைத்திருப்பவர்களிடம் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும், அதாவது இயந்திரத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்து ஒவ்வொரு வருடமும் செலவாகக் கழிக்கும் தொகையை. 2023 தொடக்கத்தில் இன்டெல் தன் இயந்திரங்கள் சிலவற்றின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக மாற்றிக் கணக்கிட்டது. இயந்திரம் அதேதான், ஆனால் ஒவ்வொரு வருடமும் கழிக்கும் தேய்மானம் குறைந்தது, லாபம் அந்த அளவுக்குக் கூடியது. அதை வெளிப்படையாக அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனால் பி/இ மட்டும் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்தத் துறைக்கு மட்டுமாவது, பத்தாண்டு சராசரி லாபத்தை வைத்து ஒரு பி/இ காட்டுங்கள். சரக்கு எத்தனை நாளைக்குத் தேங்கியிருக்கிறது என்பதைக் காலாண்டு வாரியாகப் பக்கத்திலேயே போடுங்கள். தேய்மானக் கணக்கு மாறினால் ஒரு வரி எழுதுங்கள். எல்லாம் நிறுவனங்களே வெளியிடும் அறிக்கைகளில் இருக்கிற விவரம்தான்.

இதெல்லாம் செய்ய நாளாகும் என்றால், முதலில் அந்தப் பச்சைப் பட்டையை எடுத்துவிடுங்கள். அதை நம்பிச் சேமிப்பைப் போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்