சோதனைத் தாளை யார் படிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் உங்கள் நாளிதழின் சென்னைப் பக்கங்களில் கோடைப் பயிற்சி முகாம் விளம்பரங்கள் வரிசைகட்டும். இந்த ஆண்டு பல விளம்பரங்களில் ‘நவீன ஃபிட்னஸ் டெஸ்ட் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் விசிலும் ஸ்டாப்வாட்சுமாகக் காலம் தள்ளிய உடற்கல்வி ஆசிரியன் நான். இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவன். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், ஏன் சந்தோஷப்படவில்லை என்பது புரியும்.

என் பேத்திக்கு 14 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். சென்ற ஏப்ரலில் நகரில் ஓர் அகாடமியில் சேர்த்தோம். சேர்ந்த அன்றே சோதனை, அதற்குத் தனியாக 1,500 ரூபாய். இரண்டு பக்கமும் சென்சார் கம்பம், நடுவில் பிள்ளை ஓட, மடிக்கணினியில் நேரம் விழுகிறது. அசந்துதான் போனேன். கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கினால் ஏறக்குறைய கால் நொடி நேரம் குறைவாகக் காட்டும். என் கட்டைவிரலுக்கும் அந்த வியாதி உண்டு. மறுவாரம் ஆறு பக்க வண்ண அறிக்கை வந்தது. மருமகள் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில், ஜாதகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜாதகத்தையாவது வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறோம். அறிக்கையில் என்ன இருந்தாலும் 22 பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சிதான்: மைதானத்தைப் பத்து சுற்று, பிறகு உடற்பயிற்சி, பிறகு மறுபடி ஓட்டம். அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டேன். “அடுத்த வருஷம் அட்மிஷன் அப்போ சார்” என்றார்கள்.

ஜூன் மாதம் நானே இறங்கினேன். எங்கள் பக்கத்து மாநகராட்சி மைதானத்தில் நாடா பிடித்து அளந்து, சுண்ணாம்புத் தூள் போட்டு 200 மீட்டர் வட்டம் ஒன்று வரைந்தேன். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டத்துக்கு ஒரு கடிகாரமும் இடமும் போதும். 12 நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடினாள் என்பதை வைத்து உடலால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்று ஓரளவு கணிக்கலாம். அவள் ஓடியது 2,460 மீட்டர். கூடவே 50 மீட்டர் வேக ஓட்டம் 8.3 நொடி, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல் 1.62 மீட்டர், காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே பார்த்த நாடித் துடிப்பு 64. எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். அந்தந்த நாளின் நேரம், வெயில், போட்டிருந்த ஷூ, முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பதும் அதில் உண்டு. சென்னையில் இது முக்கியம். காலை 5.30 மணிக்கு ஓடியதையும், புழுக்கத்தில் 8 மணிக்கு ஓடியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு பாழ். இதயம் வெயிலுக்கும் சேர்த்துத் துடிக்கும்.

ஆறு வாரம் கழித்து, அதே நேரம், அதே ஷூ. 2,390 மீட்டர். இருபது முப்பது மீட்டர் குறைந்தால் தூக்கம், காற்று என்று விட்டுவிடுவேன். 70 மீட்டர் குறைந்ததால் அடுத்த ஞாயிறும் ஓடவிட்டேன்: 2,380. காலை நாடி 74-க்கு ஏறியிருந்தது. 50 மீட்டரில் மாற்றமில்லை. இந்த இடைவெளியில் அகாடமியில் அவளுக்குக் கிடைத்த பட்டம் ‘சோம்பேறி’. மருந்து: கூடுதலாக இரண்டு சுற்று.

“தாத்தா, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது” என்று அன்றுதான் வாயைத் திறந்தாள். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்றால், “சொன்னா நடிக்கிறேன்னு திட்டுவாங்க.” தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 9.6. அந்த வயதில் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை என்ன ஆயிற்று என்று பார்த்தால், குமட்டுகிறது என்று பெஞ்சுக்கு அடியில் போட்டிருக்கிறாள்! டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அந்த நோட்டு இவளுக்கு என்ன நோய் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏதோ சரியில்லை, போய்ப் பார் என்று சொன்னது. பீரோவில் இருந்த ஆறு பக்கத்துக்கு அது முடியாது, ஏனென்றால் ஏப்ரலுக்குப் பிறகு அது எதையும் பார்க்கவில்லை.

நவம்பரில் மைதானம் கணுக்கால் தண்ணீரில் கிடந்தது. டிசம்பர் கடைசியில்தான் அடுத்த சோதனை எடுக்க முடிந்தது. 2,530 மீட்டர், நாடி 63. தம் வந்துவிட்டது. ஆனால் 50 மீட்டர் அதே 8.3, தாண்டுதலும் அசையவில்லை. 800 மீட்டருக்குத் தம்மும் வேண்டும், வேகமும் வேண்டும். எனவே வாரத்தில் இரண்டு நாள் நீண்ட ஓட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு நாள் 30 மீட்டர் வேக ஓட்டங்கள், நடுவில் தாராளமான ஓய்வு. ஞாயிறு மெரினா மணலில் குதித்தல் என்று மாற்றினேன். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பயிற்சியில் ஒன்றாவது மாறவில்லையென்றால் அந்தச் சோதனையை எடுத்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டச் செயலிக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 50 மீட்டர், 600 மீட்டர், உட்கார்ந்து முன்வளைதல் எல்லாம் எடுத்தோம். அருமையான பட்டியல். பதிவேற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்தவர்களில் நானும் ஒருவன். அதைவிடப் பெரிய பாவம் 1996-இல் செய்தேன். மண்டலப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது ஒரே ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ஒரு பையனைக் கழித்துவிட்டேன். அவனுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு அவன் மைதானத்துக்கு வரவே இல்லை.

‘பீப்’ ஒலிக்கு ஈடுகொடுத்து 20 மீட்டர் தூரத்தை வேகம் கூட்டிக்கொண்டே போய்த் திரும்பி ஓடும் யோ-யோ டெஸ்ட்டின் பெயர் நம் ஊர் டீக்கடை வரை வந்தது 2018-இல். ஐபிஎல்லில் சென்னை அணிக்காக 602 ரன் குவித்த அம்பத்தி ராயுடு, அந்தச் சோதனையில் தேறாமல் இங்கிலாந்து பயணத்துக்கான ஒருநாள் அணியில் இடம் இழந்தார். அன்றிலிருந்து டெஸ்ட் என்றாலே பாஸா ஃபெயிலா என்ற பேச்சுதான். இந்திய அணிக்கு அது சரியோ தவறோ, பெரியவர்கள் பாடு. 14 வயதுப் பிள்ளையை அப்படி அளக்க வேண்டாம். இந்த வயதில் ஒரே வருஷத்தில் பத்து சென்டிமீட்டர் வளர்கிற பிள்ளைகள் உண்டு. கால் நீண்டதும் சில மாதம் ஓட்டமே தடுமாறும், முழங்கால் வலிக்கும். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாமல் அவளுடைய ஜூனோடு அவளுடைய டிசம்பரை ஒப்பிட்டால் போதும்.

கட்டணம் கட்டப்போகும் பெற்றோர்கள் கவுன்ட்டரிலேயே கேளுங்கள்: அடுத்த சோதனை எந்தத் தேதி? இந்தத் தாளைப் பார்த்து என் பிள்ளையின் பயிற்சியில் எதை மாற்றப் போகிறீர்கள்? பதில் வராவிட்டால் அந்த 1,500 ரூபாய்க்கு நாடா, நோட்டு, சுண்ணாம்புத் தூள் வாங்கி மிச்சத்துக்கு முட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கலாம். நோட்டு எப்படி எழுதுவது என்று தெரிய வேண்டுமானால், மழை இல்லாத நாளில் மாலை 5 மணிக்கு மேல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டருகே நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை – 11.