நீ கேட்ட பாலம்

அடிலெய்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அம்மா நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. போன வாரம் மருமகளும் குழந்தையும் வீடியோவில் வந்தார்கள். "அவங்க தூங்குறாங்க மாமா" என்றாள். மூன்று வாரமாக எப்போது கூப்பிட்டாலும் நீ தூங்குகிறாய். டவுன்ஸ்வில் ராணுவ முகாமில் வெயில் அப்படித்தான் போலிருக்கிறது.

நேற்று போர்ட் அடிலெய்டில் டைவர் டெரிக் பாலத்தைத் தாண்டினேன். 2008-ல் அதைத் திறந்த புதிதில், "யாருப்பா டைவர் டெரிக்?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாய். எனக்குத் தெரியாது, பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது தெரியும்.

டாம் டெரிக், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய். 'டைவர்' பட்டப்பெயர். மரே ஆற்றங்கரையில் பெர்ரி பக்கம் திராட்சைத் தோட்ட வேலை. 1940 ஜூலையில் 2/48-வது பட்டாலியனில் சேர்ந்தார். லிபியாவில் டோப்ருக் முற்றுகைக்குப் பிறகு, 1942 ஜூலை 10-ல் எகிப்தில் டெல் எல் ஈசா. மூன்று மெஷின்கன் நிலைகளை ஒழித்து, நூறு பேருக்கு மேல் கைதியாகப் பிடித்தார். அன்று மாலையே எதிரி டாங்கிகளோடு திருப்பித் தாக்க, ஒட்டும் குண்டால் இரண்டு டாங்கிகளை அழித்தார். அது கண்ணாடி உருண்டைக்குள் வெடிமருந்தை அடைத்து, மேலே பசை தடவிய குண்டு. தூசி படிந்த தகட்டில் பசை பிடிக்காது, பாலைவனத்தில் தூசி இல்லாத டாங்கி ஏது? எறிகிறவன் சட்டையில்தான் நன்றாக ஒட்டும். பிடியை விட்டால் ஐந்து விநாடியில் வெடிக்கும். அன்று செய்ததற்குத்தான் டிஸ்டிங்விஷ்ட் காண்டக்ட் மெடல் என்ற வீரப் பதக்கம்.

நியூகினியில் சாட்டல்பெர்க் மலை, 1943 நவம்பர் 24. அப்போது அவர் சார்ஜண்ட். செங்குத்துச் சரிவு, ஏறும் வழியில் குனாய் புல்வெளி, மேலே பதுங்குகுழிகளில் ஜப்பானியர். இரண்டு மணி நேரம் ஏறிப் பார்த்தும் முடியவில்லை. இருட்டப் போகும் நேரத்தில் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. இன்னும் இருபது நிமிடம் கேட்டு வாங்கினார். அவர் எறிந்த கையெறி குண்டு முக்கால் கிலோ இருக்கும், நான்கு விநாடியில் வெடிக்கும். மேடு நோக்கி எறியும்போது கொஞ்சம் குறைந்தால் உருண்டு எறிந்தவனிடமே வரும். அதனால் கிட்டப் போக வேண்டும். கடைசி மூன்று நிலைகளுக்கு நான்கு முறை ஓடி, ஆறு ஏழு மீட்டர் தூரத்தில் நின்று எறிந்திருக்கிறார். மொத்தம் பத்து நிலைகள். அன்று இரவே எதிரி மலையைக் காலி செய்தான். அதற்குத்தான் விக்டோரியா கிராஸ், வீரத்துக்கான மிக உயர்ந்த விருது.

நீயும் இப்போது செக்‌ஷன் கமாண்டர், ஒரு சிறு குழுவுக்குத் தலைவன். உன் இரண்டு பட்டை போட்ட படத்தை அம்மா பூஜை அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். ஆனால் அம்மாவிடம் பேசக்கூட உனக்கு நேரமில்லை.

டெரிக் 1944 நவம்பரில் லெப்டினன்ட் ஆனார். புதிதாக அதிகாரியானவரைப் பழைய பட்டாலியனுக்கு அனுப்புவது வழக்கமில்லை. அவர் வற்புறுத்தி அங்கேயே திரும்பினார். நீயும் பழைய ஆட்களோடுதான் போவேன் என்கிறாயாம். மருமகள்தான் சொன்னாள், அவளைக் கோபிக்காதே.

1945 மே 23, போர்னியோ பக்கம் தரகான் தீவு, ஃபிரீடா என்ற குன்று. விடியற்காலை மூன்று மணி. ஜப்பானிய மெஷின்கன் ஒருமுறை சடசடத்தது. தன் ஆட்கள் பத்திரமா என்று பார்க்க டெரிக் எழுந்து உட்கார்ந்தார். இரண்டாவது முறை சுட்டது, இடது இடுப்பிலிருந்து வலது மார்பு வரை. படுத்தே கிடந்திருந்தால் குண்டுகள் அவருக்கு மேலாகப் போயிருக்கலாம். முதல் சூடு ஓய்ந்ததும் தலையைத் தூக்காதே தம்பி. கத்துவதானாலும் படுத்துக்கொண்டே கத்து. உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், தலையைத் தூக்காதே.

அதன் பிறகும் பல மணி நேரம் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். விடிந்து ஸ்ட்ரெச்சர் வந்தபோது, மற்றவர்களை முதலில் கவனியுங்கள் என்றார். மறுநாள் இறந்தார். வயது 31.

இந்த இடத்தில்தான் எனக்குக் கை ஓடவில்லை. போனில் நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய்: "பசங்க எல்லாம் நல்லா இருக்காங்கப்பா." உன்னைப் பற்றி ஒன்றுமில்லை.

நீ திரும்பி வந்த முதல் ஞாயிறு, சாப்பிடும்போது ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். "ரோட்டோரம் அந்த வீட்ல..." என்று தொடங்கினாய். "சாப்பிடுற நேரத்துல எதுக்குடா அதெல்லாம்" என்று டிவியைப் போட்டேன். உன் கை தட்டிலேயே நின்றது. பிறகு ரசம் கேட்டாய். எனக்குப் பயம் தம்பி. என் பிள்ளை என்ன பார்த்தான், என்ன செய்தான் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த வீட்டில் என்ன என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவு இங்கே எட்டு மணி, உனக்கு எட்டரை. அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், நான் மட்டும்தான் இருப்பேன். டிவி ஓடாது. பாதியில் நிறுத்தினாலும் சரி, லைனில் இருப்பேன்.

அப்பா