வெல்லக்கூடிய வட்டாரத்தைப் பெண்ணுக்குக் கொடுங்கள்

யாழ் மாவட்டத்தில் தேர்தலில் நிற்கும் எல்லாக் கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் வேட்பாளர் தெரிவுக் குழுக்களுக்கு,

வணக்கம்.

2024 நவம்பர் 14இல் யாழ் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஆறு பேரும் ஆண்கள். மூன்று ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்தி, ஒவ்வொன்று எடுத்த தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு என்று இதில் ஒருவருக்கொருவர் வித்தியாசமே இல்லை. ஏன் என்று கேட்டால், தகுதியான பெண்கள் முன்வருவதில்லை என்கிறீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தகுதி எங்கே உருவாகிறது, அதை உருவாகவிடாமல் மறிப்பது எது என்பதை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

நமது அரசியலில் பெயர் எடுத்தவர்கள் வந்த வழி உங்களுக்குத் தெரியாததல்ல. பொன்னம்பலம் இராமநாதன், ஜீ.ஜீ. பொன்னம்பலம், எஸ்.ஜே.வி. செல்வநாயகம், அ. அமிர்தலிங்கம் எல்லோரும் சட்டம் படித்தவர்கள். வடக்கின் முதலாவது முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். நீதிமன்றம் இவர்களுக்குப் பேச்சுப் பழக்கத்தையும், ஆட்களின் அறிமுகத்தையும், ஊர்ப் பிணக்குகளைப் பற்றிய அறிவையும் கொடுத்தது. பெண்களோ 1961 பெப்ரவரியில் யாழ் கச்சேரி என்னும் மாவட்ட அரச செயலக வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் ஆண்களோடு சேர்ந்து குந்தியிருந்தார்கள். போராட்டத்துக்குத் தேவைப்பட்டவர்கள் வேட்பாளர் பட்டியல் எழுதும்போது மட்டும் மறந்துபோனார்கள்.

சனம் பெண்ணுக்கு வாக்குப் போடாது என்று இனியும் சொல்லவேண்டாம். 2013 மாகாணசபைத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் விக்னேஸ்வரனுக்கு அடுத்தபடியாக விருப்பு வாக்கு எடுத்தவர் அனந்தி சசிதரன், 87,870 வாக்குகள். 1998இல் யாழ் மாநகர முதல்வரான சறோஜினி யோகேஸ்வரன், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்துகொண்டே அந்தக் கதிரையில் இருந்தார்; அந்த ஆண்டு மே 17இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு இன்னொரு பெண் முதல்வரை இந்த நகரம் காண 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று ஒரு பெண் அரசியலில் ஏறக்கூடிய முதற்படி உள்ளூராட்சி சபைதான். யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள். இந்தச் சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் வட்டாரங்களுக்கான முதலாவது வேட்புமனுவில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும். விகிதாசார ஆசனங்களை நிரப்பும் மேலதிகப் பட்டியலில்தான் பாதிக்குப் பாதி. இந்த இடைவெளிக்குள்தான் நீங்கள் ஒளிந்துகொள்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 20 உறுப்பினர் கொண்ட ஒரு பிரதேச சபையில் வட்டாரம் 12, விகிதாசாரம் 8. ஒரு கட்சி 40 வீத வாக்கு எடுத்தால் அதற்கு உரித்து 8 ஆசனம். வென்ற வட்டாரங்களை உரித்திலிருந்து கழித்த மிச்சம்தான் பட்டியலிலிருந்து வரும்; அந்த எட்டையும் வட்டாரங்களிலேயே வென்றுவிட்டால் பட்டியல் ஆசனம் ஒன்றும் கிடையாது. வென்ற எட்டுப் பேரும் ஆண்கள் என்றால், அந்தக் கட்சி கொண்டுவரவேண்டிய இரண்டு பெண்களும் சபைக்கு வரமாட்டார்கள். இன்னொரு பக்கம், 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனமும் பெற்ற கட்சிகளுக்கு இந்தக் கடமையே இல்லை. வாக்கு ஐந்தாறாகப் பிரியும் நமது சபைகளில் ஓர் ஆசனம், இரண்டு ஆசனம் என்று வருகிற கட்சிகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். வட்டாரத்தில் பெண்கள் வென்றால் ஒழிய 25 வீதம் கடதாசியிலேயே கிடக்கும்.

பட்டியலில் வந்த பெண்ணின் நிலை என்ன? அவருக்கு வட்டாரம் இல்லை. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய இடர். தெருவிளக்கு எரியவில்லை, மதகு உடைந்துவிட்டது, வெள்ளவாய்க்கால் அடைபட்டுவிட்டது என்று சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ கடிதம் எழுதினால், அது வட்டார உறுப்பினரின் பெயருக்குப் போகிறது. பாதீட்டில் வீதித் திருத்தத்துக்கு வட்டார வாரியாகக் காசு பிரிக்கும்போது பட்டியல் உறுப்பினருக்கு ஒரு ஒழுங்கை கூட வருவதில்லை. தானாக ஓடித்திரிந்து ஒரு வேலையை முடித்தாலும், தன் எல்லைக்குள் ஏன் வந்தாய் என்று அந்த வட்டாரத்து ஆண் உறுப்பினர், சிலவேளை சொந்தக் கட்சிக்காரரே, சண்டைக்கு வருவார். நான்கு வருடம் முடிய அந்த ஆண் உறுப்பினர் தன் வீதியைக் காட்டி வாக்குக் கேட்பார். அவளுக்குக் காட்ட ஒன்றுமில்லை. தெரிவுக் குழுவில் நீங்கள், அவள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். அடுத்தமுறையும் பட்டியலின் அடியில் ஒரு பெயர், அல்லது அதுவும் இல்லை.

போதாக்குறைக்கு, ஒரே பட்டியல் ஆசனத்தை வருடக்கணக்கில் பங்குபோட்டு, இவர் விலகி அவர் வரட்டும் என்று பேசிவைக்கும் வழக்கமும் இருக்கிறது. சபை நடத்தும் விதிகளான நிலையியற் கட்டளை, ஒப்பந்த வேலைகளுக்கான கேள்விக் கோரல், பாதீட்டுத் தலைப்புகள் இவற்றைப் படித்துப் பிடிபடவே ஒரு வருடம் போகும். பிடிபட்ட கையோடு அவளை வீட்டுக்கு அனுப்பினால் அனுபவம் எங்கிருந்து சேரும்?

ஆகவே எமது கோரிக்கை ஒன்றுதான். அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில், 2025 மே 6இல் நீங்கள் வென்ற அல்லது இரண்டாவதாக வந்த வட்டாரங்களில் மூன்றிலொன்றைப் பெண்களுக்குக் கொடுங்கள். வட்டார வாரியான முடிவுகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. எது வெல்லக்கூடியது என்று ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. கட்சி ஒருபோதும் வெல்லாத வட்டாரத்தைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை நிரப்பினோம் என்று சொல்வதை ஏற்கமாட்டோம்.

இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒதுக்கீடு கூடாது என்று எந்த மேடையிலும் நீங்கள் பேசுவதில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. மாகாண சபைத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் அந்த ஆண்டு ஓகஸ்ற்றில் நிராகரித்ததோடு தேர்தல் இழுபட்டுப்போய், சபையின் அதிகாரம் ஆளுநரின் கைக்குப் போனது. மாகாண சபை இல்லாததால் எமது மக்கள் தம்மைத் தாமே ஆளும் உரிமையை இழந்தார்கள் என்று கொழும்பைப் பார்த்து நியாயமாகவே கோபப்படுகிறீர்கள். மக்களில் பாதிப் பேர் உங்கள் சொந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பதற்குக் கொழும்பு காரணமில்லை. மாகாணத் தேர்தலைப் பழைய விகிதாசார முறையில் நடத்தக் கேட்கும்போதும், அந்த முறையில் பெண்களுக்கு ஒதுக்கீடே இருக்கவில்லை என்பதை ஒருதரம் நினையுங்கள். வெல்லக்கூடிய இடத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கும் விதியை உங்கள் கட்சி யாப்பிலேயே எழுதுங்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவாகக் கேட்பது இதுதான். இந்தச் சபைகளின் காலம் முடியமுன்னரே, பட்டியல் மூலம் வந்த ஒவ்வொரு பெண் உறுப்பினருக்கும் உங்கள் கட்சி தோற்ற ஒரு வட்டாரத்தைப் பொறுப்பாகக் கொடுத்து, அங்குள்ள சனசமூக நிலையங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பாதீட்டு முன்மொழிவு அந்த வட்டாரத்துக்கு அவர் பெயரில் போகட்டும். தேர்தலுக்குக் குறைந்தது ஒரு வருடம் முன்னர், எந்த வட்டாரங்களில் பெண்களை நிறுத்துகிறீர்கள் என்பதை உள்ளூர்ப் பத்திரிகைகளில் வெளியிடுங்கள். வேட்புமனு ஒப்படைக்கும் முதல்நாள் இரவு வீடு வீடாகப் பெண்பெயர் தேடவேண்டாம். பெயர் முன்கூட்டியே தெரிந்தால், சத்தியக்கடதாசியும் அத்தாட்சிப்படுத்திய பிறப்புச் சான்றிதழும் சரியாகச் சேர்த்து வைக்கவும் நேரம் கிடைக்கும்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
யாழ் மாவட்ட வாக்காளர்கள் சிலர்