இழைப்புலி வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செயற்கை நுண்ணறிவு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: 'இயந்திரமும் நம்மைப் போலத்தான் புத்தகம் படிக்கிறது, எழுத்தாளர்கள் பதற இதில் ஒன்றுமில்லை.' நான் பதறவில்லை ஐயா. நம்மைப் போலப் படிக்கிறவர் காசு கொடுத்து வாங்குவார், இல்லையென்றால் நூலகத்தில் எடுப்பார், அதுவும் இல்லையென்றால் என்னிடம் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராமல் இருப்பார். அந்த மூன்றாவது ஆளையாவது வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்.

தச்சர்களின் தொழில் சொற்களைத் தொகுத்து நான் போட்ட அகராதி உங்களுக்குத் தெரியும், உங்கள் இதழில்தான் மதிப்புரை வந்தது (என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு). அதில் 'இழைப்புளி' என்பது 'இழைப்புலி' என்று அச்சாகிவிட்டது. "யார் சார் பார்க்கப் போறாங்க" என்றார் பதிப்பாளர். முதல் கட்டு அப்படியே கடைக்குப் போய்விட்டது, மிச்சப் பிரதிகளில் நானே உட்கார்ந்து பசை தடவிப் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினேன். போன மாதம் பேத்தி ஏதோ ஒரு ஏஐ செயலியில் தச்சுக் கருவிகளைப் பற்றிக் கேட்டாள். உளி, கொட்டாப்புளி என்று சொல்லிக்கொண்டே வந்த அது, மரத்தை வழவழப்பாக்குவது இழைப்புலி என்றது. விளக்கம் என்னுடையது, சொல்வரிசைகூட மாறவில்லை. அந்தப் புலி உலவுவது என் 112ஆம் பக்கத்தில் மட்டும்தான். இணையத்தில் சுற்றுகிற திருட்டுப் பிடிஎஃப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் பக்க ஓரத்தில் தெரிகிறது, சீட்டைத்தான் காணோம்.

நீதிமன்றமே தப்பில்லை என்றுவிட்டதாம், கட்டுரையாளர் எழுதுகிறார். பாதியைத்தான் எழுதியிருக்கிறார். 2025 ஜூனில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனிமீது எழுத்தாளர்கள் போட்ட வழக்கில் அமெரிக்க நீதிபதி, புத்தகங்களைக் கொண்டு ஏஐக்குப் பயிற்சி தருவது 'நியாயமான பயன்பாடு', அதாவது உரிமையாளரைக் கேட்காமலே செய்யச் சட்டம் இடம் தருகிற சலுகை என்றார், சரி. திருட்டுத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேல் பிரதிகளை இறக்கிச் சேர்த்து வைத்ததற்கு அந்தச் சலுகை கிடையாது என்றும் அதே தீர்ப்பில்தானே சொன்னார்? அப்புறம்தான் 150 கோடி டாலருக்குச் சமரசம் வந்தது, புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். அதுவும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவு செய்த நூல்களுக்கு மட்டும். தமிழில் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அங்கே போய்ப் பதிந்திருப்போம்? எடுக்கும்போது யாரும் பதிவு எண் கேட்கவில்லை.

எனக்கு இது புதிதும் அல்ல. ராயல்டி கணக்குக் கேட்டு ஆறு வருடமாகிறது, 'புத்தகம் போகவே இல்லை' என்ற பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போட்டதை நான் கடை அலமாரியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் உங்கள் ஆண்டு மலரில் என் முன்னுரையைக் கேட்காமல் எடுத்துப் போட்டீர்கள், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஒரு 'நன்றி'யோடு. போன் செய்தால், "உங்களுக்கு விளம்பரம்தானே ஐயா" என்றார் உதவி ஆசிரியர். கம்பெனிக்காரர்களுக்கு முன்பே அந்த வாதத்தைக் கண்டுபிடித்த பெருமை உங்களுக்கு உண்டு.

சரி, கேட்க வந்தது இதுதான். எழுதுகிறவர்களிடம் நீங்கள் கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'இனி வரவிருக்கும் எல்லா வடிவங்களிலும்' என்று இருக்கிறது. அதன் கீழே, 'செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு இந்த அனுமதி செல்லாது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் இணையதளத்திலும் இயந்திரம் படிக்கும் வகையில் அதைப் பதியுங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 சட்டம் அப்படி மறுக்கும் உரிமையைத் தருகிறது. படிவத்தில் எனக்கென்று ஒரு பிரதியும் அனுப்பினால் நல்லது, போன தடவை வரவில்லை.

கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், இழைப்புளிக்கு ளகரம் என்று மெய்ப்புப் பார்ப்பவரிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்