ஊசி ஸ்பிரிங்கைத் தொடாதே, பாப்பா

ரிசர்வ் லைன்,
மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கிளாக் 17 பிஸ்டல், ஐந்தாம் தலைமுறை, எம்.ஓ.எஸ். (மேலே சிவப்புப் புள்ளிச் சைட்டு மாட்ட இடம் விட்ட ரகம்). வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாற்ற வேண்டியது என்று பதினோரு சாமான் எழுதியிருக்கிறாய். அதில் நாலு உனக்கு வேண்டும், மூன்று ஆபத்து, மீதி கடைக்காரனுக்கு வேண்டியது.

கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கினாய், அது சரி. ஆனால் உன் கொழுந்தன் எச்-1பி விசாவில் உங்கள் வீட்டில் இருக்கிறார். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இல்லாமல் அந்த விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். சுட்டுப் பழகும் ரேஞ்சில் "ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்க" என்று அவர் கையில் கொடுத்துவிடாதே. துப்பாக்கிப் பெட்டிச் சாவியும் அவரிடம் இருக்கக் கூடாது. பேரன் இருக்கிற வீட்டில் பூட்டு விஷயத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டாமல் விட்டு, தோட்டா போட்ட பிஸ்டல் குழந்தை கைக்குப் போனால் டெக்ஸாஸிலும் குற்றம்தான்.

பின் தகட்டில் மாட்டுகிற "சுவிட்ச்", பிஸ்டலுக்குத் தோள் கட்டை, இரண்டையும் பட்டியலில் இருந்து அடி. முதலாவது பிஸ்டலை மெஷின் கன் ஆக்கிவிடும், பத்து வருஷம் வரை உள்ளே. இரண்டாவது, அனுமதி வாங்காமல் மாட்டினால் குட்டைக் குழல் ரைஃபிள் கணக்கில் வந்துவிடும்.

இனி வேலை. பிடியில் இருந்து ஆரம்பி, காசே செலவில்லை. பெட்டியோடு வந்த, பிடியின் முதுகில் மாட்டுகிற பின்பட்டைகளை எடுத்துப் பார். ஒன்றும் மாட்டாமல் இருப்பதுதான் சின்ன அளவு. நடு அளவு விசைக்கு (டிரிக்கருக்கு) 2 மி.மீ. தூரம் கூட்டும், பெரியது 4 மி.மீ. காலி பிஸ்டலை முன்கை எலும்புக்கு நேராகப் பிடி. ஆள்காட்டி விரலின் முதல் ரேகைக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள சதை விசைமேல் உட்கார வேண்டும். நுனி மட்டும் தொட்டால் விசையைத் தள்ளிவிடுவாய், ரேகை வரை போனால் இழுத்துவிடுவாய். உன் கை அம்மா கை மாதிரி சின்னது. பட்டை இல்லாமலே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். வழுக்கினால் சொரசொரப்பு டேப் ஒட்டு. சால்டரிங் அயர்னால் பிளாஸ்டிக்கை உருக்கிப் புள்ளி வைக்கிற வேலை வேண்டாம். ஒரு இடம் ஆழமாகப் போனால் பிடியோடு சேர்ந்த அந்த பிரேம் அவ்வளவுதான்.

அடுத்தது குறி பார்க்கிற சைட்டு. கம்பெனி போட்டுத் தருவது பிளாஸ்டிக். உறையில் போய்வந்தே முன் சைட்டு தேயும். இரும்பில் மாற்று. இருட்டில் ஒளிர்கிற டிரிட்டியம் வாங்கினால் அதன் அரை ஆயுள் 12 வருஷத்துச் சொச்சம், அதற்குள்ளேயே மங்கத் தொடங்கும். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், தயாரித்த வருஷத்தைப் பார்த்து வாங்கு. முன் சைட்டின் திருகு ஸ்லைடுக்கு (மேலே முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புப் பகுதி) அடியில் இருக்கிறது. அதற்கென்று ஒல்லியான ஸ்பானர் விற்கிறார்கள், 3/16 அங்குலம். திருகு தளராமல் பிடிக்கிற நீல நிற லாக்கர் பசை ஒரே சொட்டு, துருவும் கை பட்ட எண்ணெயும் இல்லாமல் துடைத்த பிறகு. பின் சைட்டைத் தள்ள புஷர் கருவி இருந்தால் நல்லது. சுத்தியல்தான் என்றால் பித்தளைப் பஞ்ச் மட்டும்.

கணக்கு இப்படி. இரண்டு சைட்டுக்கும் நடுவே 165 மி.மீ. பின் சைட்டை அரை மி.மீ. நகர்த்தினால் 10 மீட்டரில் குண்டு படும் இடம் 30 மி.மீ. நகரும். பின் சைட்டை எந்தப் பக்கம் தள்ளுகிறாயோ அந்தப் பக்கம்தான் அடியும் போகும். ஆனால் உன் அடி இடதுபுறம், கீழே விழுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்காகச் சைட்டை நகர்த்தாதே. வலக்கைக்காரர்கள் விசையை வெடுக்கென்று பிடுங்கினால் விழுகிற இடம் அது. மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து ரவுண்டு சுடு. அப்போதும் இடப்பக்கமே கூட்டமாக விழுந்தால் சைட்டு குற்றம், நடுவில் விழுந்தால் விரல் குற்றம்.

ரெட் டாட் (அந்தச் சிவப்புப் புள்ளிச் சைட்டு) போடலாம், அதற்குத்தானே எம்.ஓ.எஸ். வாங்கினாய். இங்கே ஒரு திருட்டுக் கோளாறு உண்டு. வலப்பக்கத் திருகு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால், அதற்கு நேர் கீழே எக்ஸ்டிராக்டரை (காலி கேஸை இழுத்தெடுக்கிற கொக்கியை) தள்ளுகிற கம்பியை அழுத்திவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சுட்ட தோட்டாவின் காலி கேஸ் மட்டும் சேம்பரிலேயே, அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையிலேயே, நிற்கும். தோட்டா அடுக்குகிற மேகசினைக் குறை சொல்லிக்கொண்டு மாசக்கணக்காகத் திரிவார்கள். அந்த டாட்டுக்கும் அதன் அடித் தகட்டுக்கும் கம்பெனி சொன்ன நீளத் திருகையே போடு, முறுக்கு அளவு கூட வந்த சீட்டில் இருக்கும், பெரும்பாலும் 12 முதல் 15 அங்குல பவுண்டு. முறுக்கிய பிறகு திருகின் தலையில் இருந்து டாட்டின் உடல் வரை பெயின்டால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது.

இப்போது விசை. கம்பெனி இழுப்பு சுமார் இரண்டரை கிலோ. "கனமாக இருக்கிறது, லேசாக்கும் செட்டு போடுகிறேன்" என்கிறாய். அந்தச் செட்டில் ஊசியைத் தள்ளுகிற ஸ்பிரிங்கையும் தளர்வாகக் கொடுப்பார்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் ஊசி பிரைமரில் (தோட்டாவின் அடியில் பொறி தருகிற மூடியில்) போடுகிற அடி குறையும். மெல்லிய பிரைமர் வெடிக்கும், கடின பிரைமர் "டிக்" என்று நிற்கும். அப்படி நின்ற தோட்டாவை எடுத்துப் பார்த்தால் பிரைமரில் நகம் பட்ட மாதிரி ஒரு தடம், அவ்வளவுதான். (டிக் என்று நின்றால் முப்பது விநாடி குழல் வாயை டார்கெட் பக்கமே வைத்திரு, பிறகு கழற்று.) ரேஞ்சில் இது தொல்லை, வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்த பிஸ்டலில் இது அதைவிட மோசம். ஊசியை மறிக்கிற சின்ன உருளையைத் தேய்த்து மழுமழு ஆக்குகிற வீடியோவும் பார்த்திருப்பாய். கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பது அந்த உருளைதான். தொடாதே. முதல் ஆயிரம் ரவுண்டு அப்படியே சுடு. தினம் இருபத்தைந்து தடவை, தோட்டா வேறு அறையில், சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக் காலி விசை இழு. விசை தானாக லேசாகிவிடும்.

சுட்ட பின் ஸ்லைடை முன்னே தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றாதே, பரிசோதித்துக்கொள். காலி பிஸ்டல், வாய் மேல்நோக்கி. விசையை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடைப் பின்னே இழுத்து, மெல்ல, உன் கையாலேயே முன்னே விடு. கடைசி வரை போய் மூடினால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. இடையில் நின்றால் புதுசு போடு. தளர்ந்ததைப் போட்டால் ஸ்லைடு பிரேமை அறையும், கடினமானதைப் போட்டால் காலி கேஸ் வெளியேறாமல் புகைக்கூண்டு மாதிரி நட்டு நிற்கும்.

மேகசின் மூன்றுக்கும் அடியில் பெயின்டால் 1, 2, 3 எழுது. சிக்கல் வரும்போதெல்லாம் எண்ணைக் குறித்துவை. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பிஸ்டலில் குற்றமில்லை. மேகசின் உள்ளே எண்ணெய் விடாதே, தூசி பிடித்துக் களியாகிவிடும்.

கழற்றும் முறை உனக்குத் தெரியும். ஆனாலும் இதை எழுதாமல் விட மனசில்லை. கிளாக்கைப் பிரிக்க முதலில் விசையை இழுத்தாக வேண்டும். அதனால்தான் பலர் வீட்டுச் சுவரையும், சிலர் உள்ளங்கையையும் துளைத்திருக்கிறார்கள். வரிசை மாறியதுதான் காரணம்: ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை எடுத்துவிட்டு, அப்புறம் மேகசினைக் கழற்றுவது. இழுத்துவிட்ட ஸ்லைடு மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிவிட்டது, அது தெரியாது. மேகசின் முதலில். பிறகு ஸ்லைடு மூன்று தடவை. பிறகு ஸ்லைடைப் பின்னே பூட்டிச் சுண்டு விரலைச் சேம்பரில் விடு. கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

தினம் தோட்டாவைக் கழற்றி மறுபடி அதே தோட்டாவை ஏற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்து. ஒவ்வொரு தடவையும் குண்டின் மூக்கு ஏற்றுச் சரிவில் முட்டி, கேஸுக்குள் கொஞ்சம் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். பெட்டியில் இருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதே, தனியே எடுத்து வை.

எண்ணெய் கொஞ்சம்தான்: குழலின் மேல்புறம், ஸ்லைடு ஓடுகிற தடங்கள், விசைக் கம்பி கனெக்டர் என்கிற சின்னத் தகட்டைத் தொடுகிற மூலையில் ஒரு சொட்டு. ஊசிக் குழிக்குள் சொட்டுகூட விடாதே. தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் ஏசி அறையில் உறைந்துவிடும். குழலுக்கு நாலுக்கு ரெண்டு அங்குல பிளானல் துணி, சேம்பர் பக்கம் இருந்து வாய்ப் பக்கம். தோல் உறைக்குள்ளேயே போட்டுப் பூட்டிவைக்காதே. தோல் ஈரம் குடித்து வைத்திருக்கும், ஹூஸ்டன் காற்று வேறு. சாப்பாட்டு மேசையில் துடைக்காதே. ஈயம் இருக்கிறது, சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் படம் அனுப்பியிருந்தாய். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு ஸ்லைடுமேல் ஈரச் சந்தனத்தைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. சைட்டில் குங்குமம் வேறு. அடுத்த வருஷம் பெட்டிக்குப் பொட்டு வை.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா? ரேஞ்சுக்கு எடுத்துப் போன எந்தப் பையையும் ஊருக்குக் கொண்டுவராதே. ஓர உறையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவு. அதுவும் 9 மி.மீ. இங்கே தடைசெய்யப்பட்ட ரகம். தெரியாமல் வந்தது என்று கோர்ட்டில் சொல்லி வெளியே வருகிறவர்கள் உண்டு, ஆனால் அதற்குள் லீவு முடிந்து வேலையும் போயிருக்கும். ஜாக்கெட் பைகளையும் கவிழ்த்து உதறிப் பார். காலி கேஸ்கூட வேண்டாம். பேரன் விளையாட எடுத்து எங்கே போட்டான் என்று அவனிடமும் கேள்.

அன்புடன்,
அப்பா