சபோனிஸை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல பாஸ்கெட்பால்ல கூடைக்குப் பக்கத்துல ஆடற உயரமான சென்டர் பிளேயர்ஸ் பாஸ் போட்டு ஆட்டத்த நடத்தறது பத்தி வந்த கட்டுரைய ஒரே மூச்சுல படிச்சேன். அமெரிக்காவோட என்.பி.ஏ. லீக்ல ஆடற நிக்கோலா யோக்கிச் பத்தி எழுதினதெல்லாம் ரொம்ப சரி, ஆனா இதுக்கெல்லாம் அவர்தான் ஆரம்பம்ங்கற மாதிரி முடிச்சது மனசுக்கு ஒப்பல. முழுக்க தேடிப் பார்த்தும் லிதுவேனியாவோட பழைய சென்டர் அர்விதாஸ் சபோனிஸ் பேர் ஒரு இடத்துல கூட இல்ல, அதான் எழுதறேன்.

நான் காலேஜ்ல சென்டர் ஆடினவன். எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், போர்டுக்கு கீழ நில்லு, கூடையில விழாம திரும்பி வர பால பிடிச்சு ரிபவுண்டு எடு, பால் கைக்கு வந்தா திரும்பி போடு, வேற எதுவும் பண்ணாத. அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு சீனியர் கொண்டுவந்த கேசட்ல சபோனிஸ முதல் தடவை பார்த்தப்ப எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 7 அடி 3 அங்குல மனுஷன், கூடைக்கு எதிர்ல கொஞ்சம் தள்ளி இருக்கற ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்துல வந்து கூடைக்கு முதுகு காட்டி நிக்கிறாரு, பின்னாடி ஒருத்தன் கட் பண்ணி ஓடறான், இவரு திரும்பிக்கூட பாக்கல, பால் மட்டும் அவன் கைக்கு சரியா போய் சேருது. அடுத்த தடவை டிஃபென்ஸ் பின்வாங்கி நின்னா அங்கிருந்தே ஷாட். அந்த கேசட்ட தேயத் தேய பார்த்தோம்.

1964ல லிதுவேனியாவுல கவுனாஸ்ல பொறந்தவர், அப்ப அது சோவியத் யூனியன். 17 வயசுலயே, 1982ல, சோவியத் அணியோட அமெரிக்கா போய் அங்க இருக்கற காலேஜ் டீம்களோட ஆடினாரு. ஊர்ல அவரோட கிளப் ஜால்கிரிஸ், 1410ல ஜெர்மானிய வீரர்களை தோற்கடிச்ச போரோட பேர் அது, லிதுவேனியர்களுக்கு அந்தப் பேரே ஒரு மானப் பிரச்சினை. அந்த டீம் ராணுவ கிளப்பான சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவ ஜெயிச்சு 1985, 86, 87னு மூணு வருஷம் தொடர்ந்து சோவியத் சாம்பியன் ஆச்சு. கவுனாஸ் மக்களுக்கு அது வெறும் கோப்பை இல்ல. 1986 ஐரோப்பிய கோப்பை ஃபைனல் மட்டும் கைய விட்டுப் போச்சு, புடாபெஸ்ட்ல டிராஸன் பெட்ரோவிச்சோட சிபோனா ஜாக்ரெப் ஜெயிச்சது, சபோனிஸ் எதிர் டீம் ஆள அடிச்சு வெளிய அனுப்பப்பட்டாரு. அது அவரோட தப்புதான், நான் மறைக்கல.

இனிமேதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. 1986ல போர்ட்லேண்ட்ங்கற என்.பி.ஏ. டீம் அவரை டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புது பிளேயர்ஸ தேர்ந்தெடுக்கற முறையில, முதல் ரவுண்டுலயே எடுத்துச்சு, ஆனா சோவியத் அரசு விடல. அந்த 86, 87 வாக்குலதான் குதிகாலுக்கு மேல இருக்கற அக்கிலீஸ் நாண் அறுந்துச்சு, ஆறி வரதுக்குள்ள மறுபடியும் அறுந்துச்சு. 21, 22 வயசுல! வேகமா ஓடி எகிறி டங்க் பண்ணிட்டிருந்த அந்த ஆளு அதோட போயிட்டாரு, திரும்ப வரவே இல்ல. 1988ல போர்ட்லேண்ட் டாக்டர்களே வைத்தியம் பாத்தாங்க, அதே வருஷம் முழுசா சரியாகாத காலோட சோவியத் டீமுக்காக சியோல் ஒலிம்பிக்ஸ்ல இறங்கி, டேவிட் ராபின்சன் இருந்த அமெரிக்க டீம செமி ஃபைனல்ல 82-76னு தோற்கடிச்சாங்க, அப்புறம் யூகோஸ்லாவியாவ ஜெயிச்சு தங்கம். அந்த சோவியத் டீமோட முக்கியமான ஆளுங்கள்ல சபோனிஸ், மார்சியூலியோனிஸ், குர்தினைடிஸ், ஹோமிசியஸ் நாலு பேரும் லிதுவேனியர்கள்ங்கறத யாரும் சொல்றதில்ல. நாலே வருஷத்துல, 1992 பார்சிலோனாவுல, அதே ஆளுங்க சுதந்திர லிதுவேனியா பேர்ல ஆடி, பழைய சோவியத் நாடுகள் சேர்ந்து வந்த டீம 82-78னு ஜெயிச்சு வெண்கலம் வாங்கினாங்க. கலர் கலரா சாயம் போட்ட டி-ஷர்ட்ல மேடையில நின்னாங்களே, அந்தப் படத்த இப்ப பார்த்தாலும் எனக்கு கண்ணு கலங்கும்.

ஸ்பெயின்ல வல்லாதோலித், அப்புறம் ரியல் மாட்ரிட், 1995ல மாட்ரிட்டோட ஐரோப்பிய சாம்பியன், எல்லாம் முடிச்சுட்டுதான் போர்ட்லேண்ட் போறாரு. டிராஃப்ட் பண்ணி 9 வருஷம் கழிச்சு. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இத வெச்சே இவருக்கு மாற்றுத்திறனாளி பார்க்கிங் கிடைக்கும்னு சொன்னதா அந்த டீம் மேனேஜரே பின்னாடி சொல்லியிருக்காரு. அந்தக் காலோட 1997-98 சீசன்ல, 33 வயசுல, மேட்சுக்கு சராசரி 16 பாயிண்ட், 10 ரிபவுண்டு. மொத்தம் 7 சீசன், 470 மேட்ச், சராசரி 12 பாயிண்ட். இந்த 12ங்கற நம்பர மட்டும் பார்த்துட்டு சுமாரான பிளேயர்னு சொல்றவங்கள பார்த்தா எனக்கு கோவம்தான் வருது, ஏன்னா அமெரிக்கா பார்த்தது மிச்சம் இருந்த சபோனிஸத்தான். நடக்கவே கஷ்டப்பட்ட நேரத்துலயும் அந்தக் கண்ணும் கையும் மட்டும் மாறல, பாஸ் அப்படியே இருந்துச்சு. கடைசியில ஊருக்கே திரும்பி வந்து, 2003-04ல ஜால்கிரிஸுக்காக ஐரோப்பிய கிளப்களோட பெரிய போட்டியான யூரோலீக் ஆடி ரெகுலர் சீசன் சிறந்த வீரர் விருது வாங்கினாரு, அப்ப வயசு 39. 2011ல பாஸ்கெட்பால் ஜாம்பவான்களுக்கான அமெரிக்காவோட ஹால் ஆஃப் ஃபேம்லயும் சேர்த்துட்டாங்க. பையன் டொமாண்டாஸ் இப்ப என்.பி.ஏ.ல ஆடறாரு, அப்பா நின்ன அதே ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்துல நின்னு பாஸ் போடறாரு.

அதனால ஒரு வேண்டுகோள், அடுத்த இதழ்ல அரைப் பக்கமாவது சபோனிஸுக்கு ஒதுக்குங்க. படம் போடும்போது உடம்பு கனத்து முட்டியில கட்டுப் போட்டு நிக்கற போர்ட்லேண்ட் படத்த போடாதீங்க. ஜால்கிரிஸ் பச்சை ஜெர்சியில, காலு நல்லா இருந்த அந்த 20 வயசுப் பையன் படத்த தேடிப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்