பாப்பாவுக்கு, நவம்பர் 30க்கு முன்னாடி படிக்க

பாப்பா, ஞாயித்துக்கிழமை நீ போன்ல புலம்புனதுக்கு அப்பவே பதில் சொல்லியிருப்பேன், உங்கப்பா பக்கத்துல உக்காந்து கிரிக்கெட் சத்தத்தை கூட்டி வச்சிருந்தாரு, அதான் டைப் பண்றேன், நீளமா போகும், வேலைக்கு பஸ்ல போறப்ப படி.

கேஸ் பாக்கவே நேரம் பத்தல, இதுல சிபிடி வேற எழுதணுமா, அதான் வேலைல புதுசா கத்துக்கிட்டத வருஷா வருஷம் எழுதி ஏத்துறது, அதுல வர்ற பியர் ரிஃப்ளெக்‌ஷன் வெறும் கண்துடைப்புன்னு கேட்டே. ஏன்டி, அங்க உங்களை ரிஜிஸ்டர் பண்ற சோஷியல் வொர்க் இங்கிலாந்து நவம்பர் 30க்குள்ள கேக்குறது வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணாவது இன்னொருத்தர்கூட உக்காந்து பேசி யோசிச்சதா இருக்கணும், அவ்வளவுதான். இத்தனை மணி நேரம் கிளாஸ்ல இருந்தேன்னு கணக்கு கூட காட்ட வேணாம். கலிஃபோர்னியால லைசென்ஸ் வச்சிருக்குற கிளினிக்கல் சோஷியல் வொர்க்கரா இருந்தா ரெண்டு வருஷத்துக்கு 36 மணி நேரம், அதுல 6 மணி நேரம் சட்டமும் எத்திக்ஸும் கட்டாயம். அதோட பாத்தா உனக்கு கொடுத்து வச்சிருக்கு.

ஆனா நான் எழுத உக்காந்தது அதுக்கில்ல. புலம்பலுக்கு நடுவுல நீ போற போக்குல ஒரு வீட்டு கதை சொன்னியே, யாழ்ப்பாணத்து பாட்டி, தனியா வீட்லயே இருக்கணும்ங்குறாங்க, மகன் கேர் ஹோம்ல விடணும்ங்குறாரு, உன்கிட்ட தமிழ்ல "நீங்களும் எங்கட ஆள்தானே தங்கச்சி, அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது எண்டு எழுதி விடுங்கோ"ன்னு கேட்டாருன்னு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பேரு சொல்லல சரி, ஆனா எந்த ஏரியா, மகன் என்ன வேலை, எந்த கோயிலுக்கு போறாங்க எல்லாம் சொல்லிட்டே. நான் அம்மாதான், அதுக்காக அந்தக் குடும்பத்து விஷயம் எனக்கு தெரியணும்னு இல்ல. இதுலயும் நான் அதெல்லாம் எழுத மாட்டேன். நீ சிபிடில ஏத்தும்போதும் அடையாளம் தெரியுற எதுவும் இருக்கக்கூடாது, பாத்துக்க.

சட்டம் உனக்கு தெரியும், நான் சொல்லித் தரணும்னு இல்ல. மென்டல் கெபாசிட்டி ஆக்ட் 2005, முடிவெடுக்குற திறன் பத்தின அந்த ஊர் சட்டம், ஒருத்தர் எடுக்குற முடிவு நமக்கு முட்டாள்தனமா தெரியுதுங்குறதுக்காக அவங்களுக்கு முடிவெடுக்கவே தெரியாதுன்னு சொல்லக்கூடாது. மாடிப்படில விழுந்துடுவாங்கன்னு மகன் பயப்படுறது நியாயம்தான், ஆனா அந்த படிய அந்தம்மாவும் பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க. மகன் அந்தப் பக்கம் போனப்புறம் தனியா அவங்ககிட்ட கேட்டியா, முடிஞ்சா குடும்பத்துக்கு சம்பந்தமில்லாத மொழிபெயர்ப்பாளரை வச்சு கேட்டியா? உனக்கு தமிழ் தெரியும், ஆனா மதுரைத் தமிழும் அவங்க தமிழும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத. அதுவுமில்லாம தமிழ் தெரியுறதாலதானே அந்த மனுஷன் உன்னை தங்கச்சி ஆக்கிட்டாரு.

நான் ஐசிடிசில, அதான் ஹெச்ஐவி டெஸ்டும் ஆலோசனையும் கொடுக்குற சென்டர்ல, கவுன்சிலரா இருந்தப்ப ஒருத்தர் வந்தாரு, ஹெச்ஐவி பாசிட்டிவ், பொண்டாட்டிக்கு சொல்லாதீங்கக்கான்னு கால்ல விழாத குறை. 2017 ஹெச்ஐவி சட்டமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. இப்ப அதுல தெளிவா இருக்கு, துணைக்கு தொத்துற ஆபத்து இருந்து, அவரே சொல்ல மாட்டார்னு தெரிஞ்சா, டாக்டரோ கவுன்சிலரோ அவர்கிட்ட முன்கூட்டி சொல்லிட்டு துணைகிட்ட நேர்ல தெரிவிக்கலாம், பாசிட்டிவா இருக்குறது பொம்பளையா இருந்து வீட்ல அடிப்பாங்க, விரட்டிடுவாங்கன்னு பயம் இருந்தா தெரிவிக்கக்கூடாது. அன்னைக்கு டாக்டர் "கூப்பிட்டு சொல்லிவிடுமா"ன்னாரு, பக்கத்து ரூம் லேப் டெக்னீஷியன் "உங்களுக்கு எதுக்குக்கா வம்பு"ன்னாரு. நான் பாட்டுக்கு ரிஜிஸ்டரை பீரோல பூட்டிட்டு வீட்டுக்கு வந்து உங்களுக்கு தோசை சுட்டுக்கிட்டிருந்தேன், யார்கிட்ட கேக்குறது?

அப்புறம் ரெஃப்ரெஷர் டிரெய்னிங் போட்டாங்க. ப்ரொஜெக்டர்ல ஓடுனது ஒண்ணும் மனசுல நிக்கல. மத்தியானம் சாப்பாட்டு வரிசைல வேற மாவட்டத்து கவுன்சிலர் ஒரு அக்கா, அவங்ககிட்ட பேரு ஊரு இல்லாம இத சொன்னேன். அவங்க அறிவுரையே சொல்லல. "நீ பயப்படுறது அந்தப் பொண்ணுக்காகவா, நாளைக்கு உம்மேல பழி வந்துருமேன்னா?"ன்னு கேட்டுட்டு ரசம் ஊத்திக்கிட்டு போயிட்டாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. திரும்பி வந்து அந்த ஆளை மறுபடி மறுபடி வரச்சொல்லி பேசினேன், கடைசில அவரே பொண்டாட்டிய கூட்டிட்டு வந்தாரு. நீ கண்துடைப்புன்னு சொல்ற பியர் ரிஃப்ளெக்‌ஷன் இதுதான்டி, எனக்கு அது சாப்பாட்டு வரிசைல கெடைச்சுது, உனக்கு ரூல் போட்டு கொடுக்குறாங்க.

இங்க ஃப்ளெக்ஸ் போர்டுல இருக்குற பாதி பேர் சமூக சேவகர்தான், யாரு கேக்குறா. 2021ல வந்த அல்லைட் ஹெல்த்கேர் சட்டத்துலதான் மெடிக்கல், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கரையெல்லாம் சேத்தாங்க, அதுக்குள்ள நான் வேலைய விட்டே வந்துட்டேன். உங்க இங்கிலாந்துல ரிஜிஸ்டர்ல இல்லாதவங்க சோஷியல் வொர்க்கர்னு சொல்லிக்கவே முடியாது, அந்த பேரு சும்மா வரல.

அதனால இந்த வருஷம் அந்த பாட்டி வீட்டு விஷயத்தையே எழுது. பேசுறதுக்கு எல்லாத்துக்கும் தலையாட்டுற ஃப்ரெண்டை பிடிக்காத, உன் டீம்ல ஒரு வயசான லேடி எதையும் ஒத்துக்கவே மாட்டாங்கன்னு திட்டுவியே, அவங்ககிட்ட போ. அந்த மகன் கோயில்ல நம்மள பத்தி தப்பா பேசிடுவாரோங்குற பயம் உனக்கு இருக்கான்னு அவங்க கேட்டா, இல்லைன்னு உடனே சொல்லிடாத. அந்த யாழ்ப்பாணத்து பாட்டி உனக்கு கொடுத்த சேலையையும் மேனேஜர்கிட்ட சொல்லிடு, வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்கதான், ஆனா அவங்களுக்கு பாத்துக்க எத்தனை மணி நேரம் ஆள் வரணும்னு எழுதுற பேனா உன் கைல இருக்கே.

நீ சின்ன வயசுல, பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல தெரிஞ்சவங்கள பாத்தா அம்மா சிரிக்க மாட்டேங்குதுன்னு ஆச்சிகிட்ட கோள் சொல்லுவே. அவங்க என்கிட்ட ஐசிடிசிக்கு வந்தவங்க, அவங்க முதல்ல சிரிச்சா நான் சிரிப்பேன், இல்லன்னா தெரியாத மாதிரி போயிடுவேன், கூட வர்றவங்க "யாரு இது"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க? நீயும் கோயிலுக்கு போறப்ப அப்படியே இரு.

பருப்புப்பொடி, நார்த்தங்காய் எல்லாம் பார்சல் பண்ணியாச்சு, அடுத்த வாரம் வந்துரும். அடுத்த தடவை போன் பண்ணும்போது சிபிடி ஏத்திட்டியான்னு மட்டும் சொல்லு, அந்த வீட்ல என்ன ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத.

அம்மா